பழைய மரச்சாமான்களுக்குச் சீமைச் சுண்ணாம்புப் பூச்சு

கிராமாந்தரங்களில் பரண்மேலும் மாட்டுக்கொட்டில் மூலையிலும் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் நாற்காலி, மேஜை, பெட்டி, பீரோ முதலியவற்றுள் அநேகம் உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. மேற்பூச்சு மங்கி உரிந்திருக்கும். மரமோ உறுதியாகவே இருக்கும். இவற்றை அற்ப விலைக்குத் தள்ளிவிட்டு, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையினாலான புதுப் பீரோவைத் தவணைக் கடனுக்கு வாங்கும் வழக்கம் பெருகிவருகிறது. அப்பலகை ஒருமுறை நீர்பட்டு ஊதிவிட்டால் பழைய உருவை அடைவதில்லை. தவணை முடியுமுன் சாமான் முடிந்துபோகும் குடும்பங்கள் உண்டு. ஆகையால், உள்ளதைப் புதுப்பிக்கும் முறை ஒன்றைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பிரயோஜனமாகும்.

சீமைச் சுண்ணாம்பு கலந்த வர்ணம் இப்போது பல தேசங்களில் இவ்வேலைக்கு உபயோகிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் என்னும் மாது 1990-ஆம் வருஷத்தில் இத்தகைய வர்ணத்தைத் தயாரித்து, ‘சாக் பெயிண்ட்’ என்னும் வியாபாரப் பெயரில் விற்கத் தொடங்கினார். பழைய பூச்சை முழுவதும் சுரண்டாமலும் அடிப்பூச்சுத் தராமலும் நேராகப் பூசலாம் என்பதே அதன் விசேஷம். பெயர் புதிதாயினும் சரக்கு புதிதன்று. தஞ்சாவூர் ஓவியர்கள் பலாப்பலகைமேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்துப் பூசித் தளம் அமைப்பது நெடுநாளைய வழக்கம்.

இப்பூச்சு பிடிப்பதன் காரணம் எளிது. சாதாரண வர்ணத்தில் பசைப்பொருள் மிகுந்திருப்பதால், அது காய்ந்ததும் வழுவழுப்பான தோல்போல் ஆகிறது. இதிலோ தூளின் பங்கு அதிகம். வர்ணம் தடிப்பாக நின்று, பழைய பூச்சின் சிறு கீறல்களை நிரப்பிப் பற்றிக்கொள்கிறது. காய்ந்த மேற்பரப்பு நுண்ணிய துளைகளுடன் சொரசொரப்பாக இருப்பதால் ஒளி சிதறி, பளபளப்பில்லாத மிருதுவான தோற்றம் உண்டாகிறது. அத்துளைகளே அதன் குறையும் ஆகும். எண்ணெய், காபி, கைஅழுக்கு யாவையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் மேலே மெழுகு அல்லது வார்னிஷ் அவசியம்.

எதற்குப் பூசுவது, எதற்குப் பூசலாகாது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நல்ல தேக்கு, தோதகத்தி சாமான்களுக்கு வர்ணம் பூசுவது வெள்ளிப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை ஒக்கும்; அவற்றின் ரேகையே அவற்றின் விலை. அவற்றைச் சுத்தம் செய்து பாலிஷ் இடுவதே முறை. வெவ்வேறு மரங்களால் ஒட்டுப்போட்டவை, மலிவு மரத்தாலானவை, ஒட்டுப்பலகைச் சாமான்கள் ஆகியவையே இப்பூச்சுக்கு ஏற்றவை. காலுக்கடியில் மெல்லிய மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிருடன் இருக்கிறதென்று அறியலாம். அந்நிலையில் மேலே பூசுவது வண்டுக்கு வீடு கட்டிக்கொடுப்பதாகும். பூச்சில்லாத அடிப்பக்கத்திலும் துளைகளிலும் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை நன்றாக ஊறவிட்டு உலர்த்திய பிறகே மேல்வேலை தொடங்க வேண்டும். ஆடும் கால்களையும் தளர்ந்த பொருத்துகளையும் தச்சரிடம் காட்டி இறுக்கிக்கொள்வதும் முன்னதாகவே நடக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது சகஜம். ஈயவெள்ளையும் செந்தூரமும் மரத்துக்கு ஏற்ற பூச்சென்று மிகுதியாக உபயோகிக்கப்பட்டன. இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் அதற்கு முந்திய எந்த வர்ணத்தையும் ஈயமுள்ளதாகவே பாவிப்பது விவேகம். அதை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி கண்ணுக்குத் தெரியாமல் தரையிலும் பாயிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது அது உள்ளே போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அக்கெடுதி பின்னர் மருந்தால் மீளாது. கர்ப்பிணிகளுக்கும் அது ஆபத்து. தீயால் வாட்டி உரிப்பது இன்னும் கேடு. புகையாகவே உள்ளே செல்லும். உரித்த சிம்புகளையோ வர்ணம் பூசிய உடைசல் மரத்தையோ அடுப்பில் எரிப்பதும் கூடாது.

சுரண்டாமல் மேலே பூசக்கூடிய இம்முறை இங்கேதான் கைகொடுக்கிறது. பழைய வர்ணம் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் மூடிவிடலாம். உரியும் இடங்களை மட்டும் நீரால் நனைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, கசடை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேலை திண்ணைக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். முடிந்ததும் கை கழுவி உடை மாற்றாமல் உணவைத் தொடலாகாது. தொட்டில், குழந்தைக் கட்டில் முதலியவை பழைய வர்ணத்துடன் இருந்தால் அவற்றைப் புதுப்பிக்க முயலாமல் விலக்கிவிடுவதே நலம். பல்லால் கடிக்கும் குழந்தைக்கு மேற்பூச்சு ஒரு தடையன்று.

சுத்தம் செய்வதற்குச் சோப்பு நீர் போதும். பிசுக்கு மிகுந்தால் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துத் துடைத்து, பின் நல்ல நீரால் இருமுறை துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு துளி நீர் விட்டால் முத்துப்போல் உருண்டு நின்றால் பழைய மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. அதைக் கற்பூரத் தைலம் நனைத்த துணியால் நீக்கலாம். பழைய பாலிஷின் சிவப்புச் சாயம் சில சமயம் வெள்ளைப் பூச்சின் ஊடாகக் கசிந்து மஞ்சள் கறையாகத் தோன்றும். எத்தனை முறை மேலே பூசினாலும் அது மறையாது. ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை முன்னதாக ஒரு பூச்சுத் தந்துவிட்டால் கறை கட்டுப்படும்.

விலைக்கு வரும் வர்ணம் கிராக்கியானது. வீட்டிலேயே கலப்பதற்கு, சுவருக்குப் பூசும் எமல்ஷன் மூன்று பங்கு, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் ஒரு பங்கு, நீர் ஒரு பங்கு என்பது கணக்கு. தூளை முதலில் நீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பின்னரே வர்ணத்தில் சேர்க்க வேண்டும். இக்கலவை சில மணி நேரத்தில் இறுகத் தொடங்குமாதலால், அன்றைக்கு வேண்டியதையே கலக்க வேண்டும். இதற்குப் பதில் சீமைச் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்தால் அது இறுகாது. பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி இக்காலத்தில் பெரும்பாலும் சீமைச் சுண்ணாம்பு அன்று, ஜிப்சமே. அதைப் பொடித்துப் போடுவது பலன் தராது. சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பு காரமுள்ளது, கையைப் புண்ணாக்கும். அதை இவ்வேலைக்குக் கொள்ளலாகாது. எண்ணெய் வர்ணமாகிய எனாமல் நீருடன் சேராது.

நிழலில் வைத்து, மெல்லியதாக இரண்டு பூச்சுகள் தரவேண்டும். வெயிலில் பூசினால் பிரஷ் ஓடும்போதே காய்ந்து வரிவரியாக நிற்கும். முதற் பூச்சு நன்கு உலர்ந்த பின் இரண்டாவது. மழைக்காலத்தில் ஒருநாள் பொறுப்பது உத்தமம். மேல்நாட்டில் சிலர் புதுப்பூச்சின் ஓரங்களைத் தேய்த்துப் பழசுபோல் காட்டுவதை அழகென்று கொள்கிறார்கள். நாலு வருஷத்தில் தானாகவே தேயப்போவதை இப்போதே தேய்ப்பதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

மெழுகுக்கு, ஒரு பங்கு தேன்மெழுகை வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்துத் தூர வந்த பின்னரே மூன்று பங்கு கற்பூரத் தைலம் சேர்க்க வேண்டும். தைலம் எளிதில் தீப்பற்றும். துணியால் மெல்லத் தடவி மறுநாள் தேய்த்தால் மங்கிய மினுக்கு வரும். முற்றும் கெட்டிப்பட சில வாரங்கள் செல்லும். சாப்பாட்டு மேஜைக்கு மெழுகு ஆகாது. தேன்மெழுகு சுமார் 63 டிகிரி உஷ்ணத்திலேயே உருகுவதால் சூடான பாத்திரம் வைத்த இடம் தடம்படும். அதற்கு நீர்வார்னிஷ் இரண்டு பூச்சுத் தரலாம். ஆனால் மெழுகிட்டபின் வார்னிஷ் பிடிக்காது. எது வேண்டுமென்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு நாற்காலிக்கென ஒரு டப்பா வர்ணமும் ஒரு சீசாத் தைலமும் வாங்கினால் மிச்சமாவதே அதிகம். நாலைந்து அங்கத்தினர்கள் ஒரே நிறத்தைத் தேர்ந்து சேர்ந்து வாங்கி, பிரஷ்களைச் சங்கக் கட்டிடத்தில் பொதுவில் வைத்துக்கொண்டால் செலவு பெரிதும் குறையும். பிரஷ்களை வேலை முடிந்தவுடனே நீரில் கழுவி, மயிர் கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்டவேண்டும். தைலம் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்து உலர்த்த வேண்டும்.