செங்கோட்டை நிழலில் ஒரு கேமரா வேட்டை

புதுதில்லி: மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. ஜாமா மசூதிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட திறந்தவெளியில் மூடுபனி இன்னும் விலகவில்லை. தரையில் விரித்த தார்ப்பாய்களின் மீது செல்போன் வெளிச்சங்கள் அலைகின்றன. ஒற்றைக் கால் செருப்பு முதல் உடைந்த தையல் இயந்திரம் வரை கொட்டிக் கிடக்கும் குவியல்களுக்கு நடுவே சிலர் மட்டும் குனிந்து வேறொன்றைத் தேடுகின்றனர். தோலுறைக்குள் கிடக்கும் பழைய பிலிம் கேமராக்களே அவர்களது குறி.

தில்லிவாசிகள் இச்சந்தையைச் சோர் பஜார் என்கின்றனர். பெயரில்தான் திருட்டு இருக்கிறது. வரும் சரக்கில் பெரும்பகுதி, நம்மூர்க் காயலான் கடைக்காரர்களுக்கு இணையான கபாடிவாலாக்கள் வீடு வீடாகச் சென்று எடைக்கு எடுத்து வருவது. மேற்கு தில்லியின் ரகுபீர் நகரில் விடியற்காலையில் கூடும் பழந்துணிச் சந்தையிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் அங்கே மூட்டை பிரிக்கும்போது, சேலைகளுக்கு நடுவில் எப்போதாவது ஒரு கேமரா கிடைப்பதுண்டு. நாளின் முதல் வியாபாரத்தை இங்கும் போணி என்றுதான் சொல்கிறார்கள். போணி ஆகும் வரை பேரத்தில் விட்டுக்கொடுப்பார்கள்; ஆனபிறகு கறார்தான். அதனால்தான் தேடுவோர் இருட்டிலேயே வந்துவிடுகின்றனர்.

நாடாளுமன்றச் செய்திகளை எழுதும் எனக்கு இச்சந்தையில் என்ன வேலை என்று கேட்கலாம். என்னை இழுத்து வந்தவர் ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் ஒரு தமிழர். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் வாரத்தில் ஐந்து நாள் அவைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது திறந்தவெளி வேண்டும் என்பது அவர் வாதம். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இந்தச் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லையாம். சட்டைப் பையில் ஒரு சிறு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். கையில் எடுத்துச் செல்லும் பணம் மூவாயிரம் ரூபாய். அதற்கு மேல் எடுத்துச் சென்றால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

எளியவர்களின் கேமரா: தார்ப்பாய்களில் அதிகம் தென்படுவது ஆக்பா கிளிக் 3. ஜெர்மனியின் ஆக்பா நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தயாரித்த பெட்டி போன்ற கேமரா இது. இறக்குமதிக்கு உரிமம் தேவைப்பட்ட காலத்தில், நடுத்தரக் குடும்பம் கடைக்குச் சென்று வாங்கக்கூடியதாக இருந்தவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. குவியம் சரிசெய்ய வேண்டியதில்லை. வெயில், மேகம் என்று அடையாளம் இட்ட ஒரு நெம்புகோலைத் தள்ளிவிட்டு அமுக்க வேண்டியதுதான். 120 அளவுள்ள ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். காது குத்து, திருப்பதி, டாஜ்மகால், முதல் ஸ்கூட்டர் என்று பல குடும்பங்களின் ஆல்பங்களை நிரப்பியது இந்தப் பெட்டிதான். இன்றும் இந்த அளவுச் சுருள் தயாரிக்கப்படுவதால், தூசி தட்டினால் மறுபடியும் படம் எடுக்கும். சில நூறு ரூபாய்க்குள் பேசி முடித்துவிடலாம்.

வசதியானவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த உறவினர்களின் பெட்டிகளை நம்பினர். யாஷிகா, கேனன், மினோல்டா ஆகியவை அவ்வாறே வந்தன. வீட்டுக்கு வந்த பொருளைத் தோலுறையில் இட்டு, டிரங்குப் பெட்டியில் பூட்டி, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார்கள். அதுவே அவற்றுக்கு எமன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிவதற்குள் லென்ஸின் உட்புறம் சிலந்திவலை போல் பூஞ்சை படரும். தொடக்கத்திலேயே கவனித்தால் துடைத்துவிடலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துத் தழும்பாகத் தங்கிவிடும். பெரியவர் லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்து ஷட்டர். வேகமாக இயங்குவதை வைத்து ஏமாறக் கூடாது என்கிறார். ஒரு வினாடி என்ற அளவில் வைத்து அமுக்கினால், எண்ணெய் கெட்டியாகிப்போன கேமரா பாதியில் நின்று திணறும். பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு, தார் போல் உருகி விரலில் ஒட்டும். அது பெரிய குறையல்ல, மாற்றிவிடலாம். துருத்தி வைத்த மடக்குக் கேமரா என்றால் இருட்டில் உள்ளே டார்ச்சை வைத்து, மடிப்புகளில் ஊசித்துளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மின்கலத்தால் இயங்குபவற்றில் வேறொரு சிக்கல். அவற்றில் பல, பாதரச மின்கலத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. நச்சு என்பதால் அவற்றின் தயாரிப்பே நின்றுவிட்டது. மாற்று வழி உண்டு என்றாலும், விலை பேசும்போது இதைச் சொல்லி நூறு ரூபாய் குறைக்கலாம்.

போலி லைகாவும் ரஷ்ய வரவும்: ஒரு தார்ப்பாயில் பொன்னிறத்தில் மின்னிய லைகா ஒன்றைக் கண்டு எனக்கு மூச்சே நின்றது. மேலே கழுகுச் சின்னம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானியக் கேமரா என்றார் விற்றவர். பெரியவர் லென்ஸைத் திருகிக் கழற்றினார். உள்ளே தெரிந்த சிறு நெம்புகோலின் முனையைக் காட்டினார். அசல் லைகாவில் அங்கே உருளும் சக்கரம் இருக்கும். இதில் இருந்ததோ ஆப்பு போன்ற ஓர் உலோகத் துண்டு. சோவியத் ஒன்றியத்தில் தயாரான ஜோர்க்கி அல்லது ஃபெட் கேமராவின் மேல் முலாம் பூசி, புதிய எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். இந்தக் கைவேலைக்கு உலகம் முழுவதும் சந்தை உண்டு, ஏமாந்தவர்களும் உண்டு.

ஆனால், ஃபெட் கேமராவை வெறும் நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. உக்ரைனின் கார்கிவ் நகரில், உள்நாட்டுப் போரால் ஆதரவிழந்து தெருவில் திரிந்த சிறுவர்களுக்காக அமைக்கப்பட்ட உழைப்புக் குடியிருப்பில், 1934-ல் அச்சிறுவர்களே லைகாவைப் பார்த்துத் தயாரிக்கத் தொடங்கிய கேமரா அது. கல்வியாளர் மகரென்கோ அக்குடியிருப்பை நடத்தியவர். சோவியத் ரகசியக் காவல் துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எத்முந்தொவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே ஃபெட். மாஸ்கோவுடன் ரூபாய் வர்த்தகம் நடந்த ஆண்டுகளில் மலிவு விலை ரஷ்ய நூல்கள் நம் வீடுகளுக்கு வந்தது போலவே இக்கேமராக்களும் வந்தன. நூல்களைப் பற்றி எழுதிக் களைத்தவர்கள் பலர். கேமராக்களைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம்.

உதகைக்கும் இச்சந்தைக்கும் உள்ள உறவு குவியல்களின் அடியில் இருக்கிறது. இந்து என்ற பெயர் அச்சிட்ட, மங்கிய பிலிம் டப்பாக்கள். 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்த அந்தப் பொதுத்துறை நிறுவனம் பின்னர் நலிவுற்று, உற்பத்தி நின்று, ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துடன் முடிவுக்கு வந்தது. உதகையில் அதன் நினைவாக எஞ்சியிருப்பது இந்துநகர் என்ற ஊர்ப்பெயர். காலாவதியான அந்தச் சுருளைக்கூட இங்கே இளைஞர்கள் வாங்கிச் செல்கின்றனர். படம் புகை படிந்தாற்போல் வருவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம்.

இளைஞர்கள் வந்ததில் வியாபாரிகளுக்கு மகிழ்ச்சி. பெரியவருக்கு அத்தனை மகிழ்ச்சியில்லை. முன்பு எடைக்குப் போன பொருளுக்கு இப்போது செல்போனில் வெளிநாட்டு விலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். தேறிய கேமராக்கள் சாந்தினி சௌக்கை ஒட்டிய கூச்சா சௌத்ரி கேமரா சந்தைக்குப் போய், பழுது நீக்கப்பட்டு, பன்மடங்கு விலையில் விற்கப்படுகின்றன. பிலிம் சுருளும் மலிவாக இல்லை. முப்பத்தாறு படங்களுக்கான ஒரு சுருளை வாங்கிக் கழுவி எடுப்பதற்குள் ஒரு குடும்பத்தின் ஒரு வாரக் காய்கறிச் செலவு கரைந்துவிடும். இருந்தும் வாங்குகிறார்கள். வாங்கும் வசதி இல்லாதவர்கள் குருகிராமில் 2019-ல் திறக்கப்பட்ட மியூசியோ கேமரா அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அருங்காட்சியகத்தை நிறுவிய புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யாவிடம் வந்துசேர்ந்த பெட்டிகளின் கதை, இச்சந்தையில் தேடுகிறவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. விடுதலைக் காலத்துத் தலைவர்களைப் படம்பிடித்த குல்வந்த் ராய், 1984-ல் காலமாகும் முன் தமது நெகடிவ்களை அவரிடம் விட்டுச் சென்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அப்பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஆனால், 1958-ல் தொடங்கி உலகம் சுற்றியபோது குல்வந்த் ராய் எடுத்துத் தபாலில் அனுப்பிய நெகடிவ்கள் வழியிலேயே காணாமற்போயின. அவர் தில்லியின் குப்பை மேடுகளிலெல்லாம் அலைந்து தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

பின்கதவைத் திறந்தவன்: இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 என் கையில் சிக்கியது. வாங்கும் அவசரத்தில், ஒளிபுகாத் தடுப்பு எப்படியிருக்கிறது என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே சுருள் இருந்தது. பெரியவர் என் கையைத் தட்டி மூடுவதற்குள் மூன்று, நான்கு வினாடிகள் கடந்துவிட்டன. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “சார், மேலே இருக்கிற இந்தக் குமிழை முதலில் சுற்றிப் பார்த்திருக்கணும். இறுக்கமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள்” என்று மட்டும் சொன்னார். கிளிக் 3 என்றால் அதுவும் வேண்டாம். முதுகில் உள்ள சிவப்புச் சாளரத்தின் வழியே எண் தெரிந்தால் சுருள் இருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், வெளிச்சம் பட்டு அழிவது எடுத்து முடித்த படங்கள்தான். எடுக்காத வெற்றுப் பிலிம் உறைக்குள் பத்திரமாக இருக்கும். எடுத்தவை மறுபக்கத்து உருளையில் சுற்றிக்கொண்டிருப்பதால், கதவைத் திறந்தவுடன் மேல்சுற்றில் உள்ளவை போய்விடும். அடிச்சுற்றில் இருக்கும் முதல் சில படங்கள் மட்டும் தப்பலாம். அவர் குமிழைச் சுற்றிப் பிலிமை உறைக்குள் இழுத்து, காகிதத்தில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டார். கேமராவுக்கு நான் எண்ணூறு ரூபாய் கொடுத்தேன்.

வண்ணப் பிலிமாக இருந்தாலும், பல ஆண்டுகள் கிடந்தால் வண்ணம் நம்ப முடியாததாகிவிடும். எனவே கறுப்பு வெள்ளைக்கான ரசாயனத்தில் தம் வீட்டுக் குளியலறையிலேயே அதைக் கழுவினார். அந்த வாரம் மாநிலங்களவை ஒத்திவைக்கப்பட்ட ஒரு பிற்பகலில் என்னை அழைத்துக் காட்டினார். நான்கு படங்கள் தேறியிருந்தன. ஓரம் முழுதும் வெளிறியிருந்தாலும் ஆட்கள் தெரிந்தார்கள். மஞ்சள் பூசிய அரசுக் குடியிருப்பு என்று ஊகிக்கத்தக்க ஒரு தாழ்வாரம். கயிற்றுக் கட்டிலில் ஒரு மூதாட்டி. அவர் மடியில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. நான்காவது படத்தில் அதே மூதாட்டி கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தி ஏதோ சொல்கிறார். வேண்டாம் என்கிறாரா, வா என்கிறாரா, தெரியவில்லை. அடுத்த படங்களில் தெரிந்திருக்கும். அவற்றைத்தான் நான் அழித்துவிட்டேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை வியாபாரியிடம் விசாரித்தோம். அறுபதைத் தாண்டிய அவர், சரக்கு எந்தக் கபாடிவாலா கொண்டுவந்தது என்பதை நினைவில் வைத்திருந்தார். சரோஜினி நகர், நேதாஜி நகர்ப் பக்கம் சுற்றுபவராம். அத்துடன் தடம் முடிந்தது. தில்லியின் ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவற்றுள் இந்த இரண்டும் அடக்கம். மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2018-ல் மக்கள் தெருவுக்கு வந்ததும் வழக்குத் தொடர்ந்ததும் செய்தியாயின. அவ்வீடுகளைக் காலி செய்தவர்கள் பரண்களிலிருந்து எதையெல்லாம் எடைக்குப் போட்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. சரோஜினி நகரில் நம்மவர்களும் ஏராளமாக வசித்தார்கள். பெரியவரே அங்கு எட்டு ஆண்டுகள் இருந்தவர்தான்.

வியாபாரிக்கும் தம் இடம் நிலையில்லை. தர்யாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகளாக நடந்த ஞாயிறு புத்தகச் சந்தை, உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2019-ல் மகிளா ஹாட் வளாகத்துக்குப் போனதை அவர் அடிக்கடி சொல்கிறார். தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதை அவரிடம் சொன்னேன். கணக்கெடுப்பு நடத்தி, சான்றிதழ் தந்து, இடம் ஒதுக்காமல் யாரையும் அகற்றக் கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாரம் ஒருநாள் மட்டும் தார்ப்பாய் விரிக்கும் தம்மைப் போன்றவர் எந்தக் கணக்கில் வருவார் என்று திருப்பிக் கேட்டார். அவையில் இருந்து விவாதத்தைப் பற்றி எழுதியவர்களில் நானும் ஒருவன். பதில் சொல்ல இயலவில்லை.

அந்த நான்கு படங்களுக்கும் பெரியவர் இரண்டு பிரதி போட்டார். ஒன்று அவரிடம். மற்றொன்று வியாபாரியின் தார்ப்பாய் ஓரத்தில், ஒரு கிளிக் 3 கேமராவின் மீது சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் கண்டு யாராவது கேட்டால் நெகடிவைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. கடந்த ஞாயிற்றுக்கிழமை வரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருவரும் கேட்டது அந்தக் கிளிக் 3-ன் விலையை. பதினொரு மணிக்குக் காவல் துறை வண்டி தெருமுனையில் தெரிந்ததும், வியாபாரி படங்களை முதலில் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.