அக்கா, அந்தப் பெரியவருக்கு என்ன ஆச்சு?

டாஸ்மாக் கடைக்கு ஐம்பதடி தள்ளி, சாலையோரத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். பேச்சு குழறுகிறது. சுற்றி நிற்பவர்கள் "மப்புல கிடக்கான், விடுங்க" என்கிறார்கள். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய மருத்துவ உதவியாளர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. குனிந்து நெற்றியைத் தொட்டார். சில்லென்ற வியர்வை. விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். குளுக்கோமீட்டர் 38 காட்டியது. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் ஒப்புதல் வாங்கி, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிடங்களில் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, "என் வண்டி எங்கே?" என்று கேட்டார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "முன்னாடி ஒரு தனியார் ஆம்புலன்ஸ்ல இருந்தப்ப, இதே மாதிரி ஒருத்தரைக் குடிகாரர்னு நினைச்சுட்டேன் சார். மறுநாள் ஆஸ்பத்திரியில போய்க் கேட்டப்பதான் சுகர் இறங்கினதுன்னு தெரிஞ்சது" என்றார்.

மறுநாள் போய்க் கேட்டார் அல்லவா, அதைத்தான் நான் அனுபவம் என்பேன்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வண்டிக்கு இருவர். ஓட்டுபவர் பைலட், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் மருத்துவ உதவியாளர், அதாவது இ.எம்.டி. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்த வேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். விபத்து நடந்த இடத்தில் கத்துகிறவரை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. ஆனால் சில கேள்விகள் பாடத்தால் மட்டும் வாயில் வந்துவிடுவதில்லை.

விடியற்காலையில் ஓர் அழைப்பு. வயிற்று வலி, வாந்தி என்கிறார்கள். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. புதியவர் இதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று எடுத்துக்கொள்வார். கேஸ் பார்த்துப் பழகியவர், நோயாளியின் இமைகள் லேசாகச் சரிவதைக் கவனித்துவிட்டு, "ராத்திரி எங்கே படுத்திருந்தீங்க?" என்பார். "தரையிலதான்" என்று பதில் வந்தால் அவருக்குக் கட்டுவிரியன் நினைவுக்கு வந்துவிடும். அது தூக்கத்தில் கடித்தால் பல நேரம் கடிபட்டவருக்கே தெரியாது; பல் தடமும் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. நஞ்சு நரம்பைத் தாக்கி, இமையில் தொடங்கிய தளர்ச்சி மூச்சுத் தசை வரை போய்விடும். அப்போது விஷமுறிவு மருந்து மட்டும் போதாது, வெண்டிலேட்டரும் வேண்டும். அதனால் வண்டி எந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அந்த ஒரு கேள்விதான் முடிவு செய்கிறது.

இப்படிக் கேட்கத் தெரிய வேண்டுமானால், முந்தைய கேஸ்கள் எப்படி முடிந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் எனக்கு ஆற்றாமை. டாக்டர் தன் நோயாளியை மறுநாள் வார்டில் பார்க்கிறார். இவர்களோ நோயாளியை ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்கு ஓடுகிறார்கள். நாம் நினைத்தது சரியா, தப்பா? யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. தப்பென்றே தெரியாத தப்பு, வருஷம் ஏற ஏறக் கைப்பழக்கமாகிவிடும். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் கொண்டுவந்த இ.எம்.டி.க்கு, நோயாளிக்கு இருந்தது இன்ன நோய் என்று ஒரு வரித் தகவல் அனுப்பினால் என்ன? புதிதாக ஒரு கருவிகூட வாங்க வேண்டியதில்லை.

நான் பார்த்தவர் அந்த வரிக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய சட்டைப்பையில் மடங்கி நைந்த ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. அன்று மாலை வேறொரு நோயாளியை இறக்கிவிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸிடம் போய் நின்றார்.

"அக்கா, நேத்து விடியக்காலைல வயித்து வலின்னு கூட்டிட்டு வந்தேனே, அந்தப் பெரியவருக்கு என்ன ஆச்சு?"

"அதுவாப்பா, ஹார்ட் அட்டாக். ஈ.சி.ஜி. எடுத்ததுமே தெரிஞ்சிடுச்சு. ஐ.சி.யு.ல இருக்கார், பேசுறார்."

சுவரில் நோட்டை வைத்து எழுதினார்: 'வயது 60க்கு மேல், சர்க்கரை நோய், மேல்வயிற்று வலி, வியர்வை — நெஞ்சையும் பார்.' வெளியே பைலட் ஹாரன் அடித்தார். அடுத்த அழைப்பு வந்துவிட்டது.