இறுகும்போது வெளியேறுவது எது?

நிதிநிலை அறிக்கை வெளியாகும் நாள்களில் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்பவர்களுக்குக் 'கன்சாலிடேஷன்' என்ற சொல் பழகிப்போயிருக்கும். அரசின் பற்றாக்குறை குறைந்தால் அந்தச் சொல். பொதுத்துறை வங்கிகள் இணைக்கப்பட்டால் அந்தச் சொல். மாணவர் குறைந்த பள்ளிகள் வேறொரு பள்ளியுடன் சேர்க்கப்பட்டாலும் அதே சொல். பாலத்துக்கு அடித்தளம் இடும் பொறியாளரும், நுரையீரலின் எக்ஸ்-ரே படத்தைப் பார்க்கும் மருத்துவரும், மூளையை ஆராயும் அறிவியலாளரும், ஆட்சிமுறைகளை ஒப்பிடும் அரசியல் அறிஞரும்கூட இதையே பயன்படுத்துகின்றனர்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. மண் இறுகுகிறது, நினைவு உறுதிப்படுகிறது, நுரையீரல் திண்மமாகிறது, வங்கிகள் ஒருங்கிணைகின்றன, மக்களாட்சி வேரூன்றுகிறது. இதை மொழியின் குறைபாடாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திண்மையாக்குதல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்த அந்த ஒரே சொல், கேட்ட மாத்திரத்தில் ஒரு நன்மை நிகழ்வதான எண்ணத்தைத் தந்துவிடுகிறது. சிதறிக் கிடப்பதைவிடத் திரண்டு நிற்பது மேல் என்று நாமும் தலையசைத்துவிடுகிறோம். ஆனால், ஒவ்வொரு துறையும் இந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறது என்று பார்த்தால், கொள்கை வகுப்போர் கேட்க மறக்கும் சில கேள்விகள் அங்கே முன்னரே கேட்கப்பட்டிருப்பது தெரியவரும்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். இதை மிகத் துல்லியமாக வரையறுத்த துறை மண் இயக்கவியல்தான். ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி, முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் இஸ்தான்புல் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது களிமண்ணைக் கொண்டு எளிய கருவிகளில் சோதனைகள் நடத்தினார். 1925-இல் வெளியான அவருடைய நூல் அத்துறைக்கே தொடக்க நூலாகக் கருதப்படுகிறது. அவர் கண்டது இதுதான்: ஈரக் களிமண்ணின் மீது ஒரு சுமையை வைத்தவுடன் அச்சுமையை மண் தாங்குவதில்லை, மண் துகள்களுக்கிடையே சிக்கியுள்ள நீர்தான் தாங்குகிறது. அழுத்தம் தாளாமல் அந்த நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. அது வெளியேற வெளியேறத்தான் சுமை துகள்களுக்கு மாறுகிறது, அவை நெருங்குகின்றன, மண் இறுகுகிறது, மேலே நிற்கும் கட்டடமும் அதற்கேற்பக் கீழே இறங்குகிறது.

திரிந்த பாலைத் துணியில் கட்டி மேலே கனமான கல்லை வைத்துப் பனீர் செய்வோருக்கு இது புதிதல்ல. அவசரப்பட்டு ஓங்கி அழுத்தினால் துணிதான் கிழியும். களிமண்ணிலும் அப்படியே. நீர் வெளியேற ஆகும் காலம், அது கடக்க வேண்டிய தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. களிமண் அடுக்கின் தடிமன் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். எனவே, சில மாதங்களில் முடிவதும் உண்டு. பல பத்தாண்டுகள் நீள்வதும் உண்டு.

பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் இதற்குச் சான்றாக நிற்கிறது. 1173-இல் தொடங்கிய கட்டுமானம், மூன்று தளங்களுக்குமேல் எழும்பிய நிலையில் நின்றுபோனது. அந்நகரம் அண்டை நகரங்களுடன் போர்களில் சிக்கியிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகே பணி மீண்டும் தொடங்கியது. பின்னும் ஒருமுறை நின்று, பதினான்காம் நூற்றாண்டில்தான் முடிவுற்றது. இந்த நீண்ட இடைவெளி கோபுரத்தின் நல்லூழ் என்கின்றனர் மண்ணியல் பொறியாளர்கள். இடைவெளியின்றிக் கட்டியிருந்தால் அடியிலிருந்த மென்களிமண் தாங்காமல் கோபுரம் கவிழ்ந்திருக்கும். யாரும் திட்டமிடாத அந்தக் காத்திருப்பில் நீர் வெளியேறி, மண் வலுப்பெற்றது.

இக்காலத்தில் அப்படிக் காத்திருக்க எவருக்கும் பொறுமை இல்லை. ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில் கடலைத் தூர்த்து அமைக்கப்பட்ட கன்சாய் விமான நிலையம் 1994-இல் திறக்கப்பட்டது. கடலடியின் மேற்பகுதியிலிருந்த மென்களிமண்ணில் லட்சக்கணக்கான மணல் தூண்களைச் செங்குத்தாக இறக்கி, நீர் விரைந்து வெளியேற வழி அமைத்தனர். அந்த மேலடுக்கு எதிர்பார்த்தபடியே விரைவில் இறுகிவிட்டது. ஆனால், அதற்கும் கீழே மிக ஆழத்தில் பழமையான களிமண் அடுக்குகள் உள்ளன. அவ்வளவு ஆழத்துக்கு மணல் தூண் எட்டவில்லை. அவை இன்றும் தம் போக்கில் இறுகிவருகின்றன. கட்டுமானம் தொடங்கியதிலிருந்து முதல் தீவு 11 மீட்டருக்கும் மேல் இறங்கியுள்ளது. தளம் சீராக இறங்காதபோது முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி கொண்டு உயர்த்திச் சமன்செய்யும் ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருந்தது. 2018 செப்டம்பரில் வீசிய ஜெபி புயலின்போது கடல்நீர் ஓடுபாதைக்குள் புகுந்தது.

இனி நினைவு. 1900-ஆம் ஆண்டு ஜெர்மானிய உளவியலாளர்கள் கியார்க் எலியாஸ் முல்லரும் அல்ஃபோன்ஸ் பில்செக்கரும் வெளியிட்ட ஆய்வில்தான் இந்தச் சொல் நினைவாற்றலோடு இணைந்தது. பொருளற்ற அசைகளின் பட்டியலை ஒருவர் மனப்பாடம் செய்கிறார். உடனே இரண்டாவது பட்டியலைக் கொடுத்தால் முதலாவது பெரிதும் மறந்துபோகிறது. சில நிமிடங்கள் கழித்துக் கொடுத்தால் அந்த அளவுக்கு மறப்பதில்லை. கற்றது நிலைபெறக் கற்றபின்னும் சிறிது காலம் தேவை என்று அவர்கள் முடிவு செய்தனர். ஒரு பாடவேளை முடிந்த மறுநொடியே அடுத்த பாடத்தைத் தொடங்கும் நம் பயிற்சி வகுப்புகள் இந்த ஆய்வை 120 ஆண்டுகளாகக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அந்தக் காலம் நிமிடங்களோடு முடிவதில்லை என்பது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால் தெரியவந்தது. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருடைய மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. அதன்பின் நிகழ்ந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குச் சற்று முந்தைய ஆண்டுகளின் நினைவுகளும் சிதைந்திருந்தன. ஆனால், சிறுபிராயத்து நினைவுகள் இருந்தன. அப்படியெனில், ஹிப்போகேம்பஸில் உருவாகும் நினைவு, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மூளையின் மேற்புறணிக்குச் சென்று அங்கே நிலைகொள்கிறது என ஆய்வாளர்கள் கருதினர். உறக்கத்தின்போது பகல் அனுபவத்தின் நரம்புச் செயல்பாடு எலிகளின் மூளையில் மீண்டும் நிகழ்வது 1990-களில் பதிவு செய்யப்பட்டது. இந்த இடமாற்றத்தில் விவரங்கள் உதிர்கின்றன, சாரம் எஞ்சுகிறது. பாட்டி வீட்டுத் திண்ணை நினைவிருக்கிறது. அங்கே அமர்ந்து பேசிய ஒவ்வொரு சொல்லும் நினைவில்லை.

மண்ணியலில் இல்லாத ஒரு திருப்பம் இங்கே உண்டு. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சும்படி பழக்கினர். அச்சம் நன்கு பதிந்த பின்னர், அந்த ஒலியை மீண்டும் கேட்கச் செய்து, புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்தை மூளையின் அமிக்டலா பகுதியில் செலுத்தினர். அச்சம் மறைந்தது. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளில் அச்சம் அப்படியே இருந்தது. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் நினைவு சற்றே இளகி, மறுபடியும் உறுதிப்பட வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள். இதன் எல்லைகள் குறித்த விவாதம் இன்னும் தொடர்கிறது. ஆயினும், 'இறுகிவிட்டது, இனி அசையாது' என்ற எண்ணம் நினைவைப் பொறுத்தவரை தளர்ந்துவிட்டது.

மருத்துவரின் பயன்பாடு இவை எல்லாவற்றுக்கும் எதிரானது. நிமோனியா நோயில் நுரையீரலின் காற்றறைகளிலிருந்து காற்று நீங்கி, நீரும் சீழும் அணுக்களும் அவ்விடத்தை நிரப்புகின்றன. பஞ்சு போன்றிருந்த உறுப்பு ஈரலைப்போல் கெட்டியாகிவிடுகிறது. ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கின் காலத்திலிருந்தே மருத்துவர்கள் இதை 'ஈரலாதல்' என்ற பெயரில் அறிந்திருந்தனர். கெட்டியான பகுதி ஒலியை நன்றாகக் கடத்தும். நோயாளியின் மெல்லிய பேச்சும் மார்பில் வைத்த கருவி வழியே தெளிவாகக் கேட்கும். அந்தத் தெளிவுதான் நோயின் அறிகுறி. இங்கே திண்மை என்பது மூச்சுக்கு இடமில்லை என்பதைத் தவிர வேறில்லை.

அரசியல் அறிவியலில் இச்சொல்லின் வரலாறு ஏமாற்றங்கள் நிறைந்தது. சர்வாதிகாரத்திலிருந்து மீண்ட நாடுகளில் மக்களாட்சி எப்போது நிலைபெற்றதாகக் கொள்வது? தேர்தல் மூலம் இருமுறை ஆட்சி கைமாறினால் போதும் என்றொரு அளவுகோலை சாமுவேல் ஹண்டிங்டன் 1991-இல் முன்வைத்தார். ஹங்கேரி இந்தத் தேர்வில் 1990-களிலேயே எளிதாகத் தேறியது. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது. அதே நாட்டை இனி முழுமையான மக்களாட்சியாகக் கொள்ள இயலாது என 2022-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நிலைபெறுதல் என்ற கருத்தே ஒரு மயக்கம்தானோ என்று அர்ஜென்டினா அறிஞர் கியேர்மோ ஓடோனல் 1996-லேயே ஐயம் எழுப்பியிருந்தார்.

இப்போது வங்கிகளுக்கு வருவோம். 2017-இல் இந்தியாவில் 27 பொதுத்துறை வங்கிகள் இருந்தன, இன்று 12. பாரத ஸ்டேட் வங்கியுடன் அதன் துணை வங்கிகள் 2017 ஏப்ரலில் சேர்ந்தன. 2019 ஆகஸ்ட் 30 அன்று பத்து வங்கிகளை நான்காக்கும் அறிவிப்பு வந்தது. ஏழே மாதங்களில், 2020 ஏப்ரல் 1 அன்று, பொதுமுடக்கம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த நிலையில், அது நடைமுறைக்கு வந்தது. சுதேசி இயக்கக் காலத்தில் 1907-இல் சென்னையில் பிறந்த இந்தியன் வங்கியுடன், 1865-இல் தோன்றிய அலகாபாத் வங்கி இணைந்தது. முன்பின் பழக்கமில்லாத இரு பகுதிகளின் நிறுவனங்கள் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்தன.

இணைப்புக்கு ஆதரவான வாதங்களைப் புறந்தள்ள முடியாது. சிறு வங்கி பெருங்கடன் வழங்கினால் ஒரே வாராக்கடனில் நிலைகுலைந்துவிடும். பெரிய முதலீட்டுத் தளம் அந்த அதிர்ச்சியைத் தாங்கும். 2018 மார்ச்சில் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்த பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் பின்னர் வெகுவாகக் குறைந்தது. 2023-24-இல் அவற்றின் நிகர லாபம் 1.4 லட்சம் கோடி ரூபாயை எட்டியது. ஆனால், இதே காலத்தில் அரசு பெருமளவு மூலதனம் வழங்கியது. திவால் சட்டம் வந்தது. பெருந்தொகைகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே, மீட்சி முழுவதையும் இணைப்பின் கணக்கில் எழுதுவது பொருத்தமன்று.

மண்ணியலாளர் கேட்கும் கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும்: இறுகியபோது வெளியேறியது எது? காசோலைப் புத்தகமும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் மாறின. அது ஓராண்டுத் தொல்லை. அருகருகே இருந்த கிளைகள் ஒன்றாக்கப்பட்டது அதைவிடப் பெரிது. மிகப் பெரியது கண்ணுக்குப் புலப்படாதது. எந்தக் குடும்பம் அறுவடைக்குப் பின் கடனை ஒழுங்காகத் திருப்பும், எந்தக் கடைக்காரருக்கு ஆடி மாதத்தில் கை வறண்டிருக்கும் என்பதைப் பல ஆண்டு பழக்கத்தால் அறிந்திருந்த கிளையின் அறிவு எந்தக் கணினித் தரவிலும் ஏறுவதில்லை. சாரம் எஞ்சி, விவரம் உதிர்ந்தது. பிணையாக வைக்கச் சொத்து உள்ளவருக்கு இதனால் இழப்பில்லை. நன்மதிப்பை மட்டுமே நம்பியிருந்தவருக்கு இழப்பு உண்டு.

பள்ளிகளிலும் இதே கணக்குதான். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களில் மாணவர் குறைந்த அரசுப் பள்ளிகள் பெரும் எண்ணிக்கையில் இணைக்கப்பட்டன. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் அவலத்தைவிட, வகுப்புக்கொரு ஆசிரியர் உள்ள பள்ளி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால், தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதி. இணைப்பால் அந்தத் தொலைவு கூடும்போது, முதலில் பள்ளியை விட்டு நிற்பது யார் என்பதைக் கிராமத்தை அறிந்த எவரும் சொல்லிவிடுவர்: ஆற்றையோ நெடுஞ்சாலையையோ கடந்து செல்ல வேண்டிய சிறு குழந்தையும், வளர்ந்துவரும் பெண் பிள்ளையும்.

கன்சாய் விமான நிலையத்தின் நிர்வாகம், தீவின் பல இடங்களில் தளம் எவ்வளவு இறங்கியது என்பதைத் தொடர்ந்து அளந்து வெளியிடுகிறது. திறப்பு விழாவோடு அந்தப் பணி முடிந்துவிடவில்லை. மேலும் சில வங்கிகளை இணைக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. அடுத்த அறிவிப்புக்கு முன்னர், ஏற்கெனவே இணைந்த வங்கிகள் மூடிய கிளைகள் எந்தெந்த ஊர்களில், அவ்வூர்களில் சிறு கடன்கள் கூடினவா குறைந்தனவா என்பதை மாவட்டவாரியாக வெளியிடுமாறு நாடாளுமன்றம் கேட்கலாம். இணைக்கப்பட்ட பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்த பெயர்களில் எத்தனை புதிய பள்ளியின் பதிவேட்டில் உள்ளன என்று எண்ணிப் பார்க்க, ஒரு வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நாள் போதும்.