புடவைக் கட்டுக்கு இலக்கணம் தந்த ஆண்

மகன் முடி வளர்க்கிறான், கண்ணுக்கு மை தீட்டிய கொரியப் பாடகர்களின் படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறான் என்று கலங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். "ஆணா பெண்ணா என்றே தெரியவில்லையே!" என்பது அவர்கள் வருத்தம். அன்பானவர்களே, நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே இதற்கொரு முன்கதை உண்டு.

1888இல் பிறந்த நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸுக்குச் சிறு வயதிலேயே 'பால கந்தர்வர்' என்னும் பெயரைத் தந்தவர் லோகமான்ய திலகர். 1905இல் கிர்லோஸ்கர் நாடக மண்டலியில் சேர்ந்து, சகுந்தலையாகவும் பின்னர் ருக்மிணியாகவும் மேடையேறினார். குடும்பப் பெண்கள் நடிப்பது இழுக்கென்று கருதப்பட்ட காலமாதலால் பெண் வேடம் ஆண்களிடம் வந்தது. வியப்பு அதற்குப் பின்புதான். அவர் ஒன்பது கெஜப் புடவை உடுத்திய விதத்தையும், பூச்சூடிய நேர்த்தியையும், அணிந்த நகைகளையும் வசதியான வீட்டுப் பெண்கள் பார்த்துப் பின்பற்றினார்கள். பம்பாயின் குஜராத்தி மேடையில் ஜெய்சங்கர் சுந்தரிக்கும் அதே பெருமை. பெண்ணழகு இன்னதென்று பெண்களுக்கே காட்டியவர்கள் ஆண்கள்! மென்மையான முகம் எவரையும் அச்சுறுத்துவதில்லை. ஈர்ப்பில் பாதி அதுவே என்பது என் எண்ணம்.

1911இல் 'மானாபமான்' அரங்கேறிய நாளில் அவருடைய குழந்தை இறந்துபோயிற்று. ஆட்டம் நிற்கவில்லை. அவையோர் கண்டது நாயகி பாமினியை. அந்த ஒப்பனைக்குள் நின்று பாடியவரோ பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்.

1964இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1967இல் மறைந்தார். அவர் பெயரால் புனேயில் 1968இல் ஓர் அரங்கம் திறக்கப்பட்டது.