84 பசு, ஒரு விளக்கு

திருகோணமலை நகருக்கு வடமேற்கே, கன்னியா வெந்நீரூற்றுகள் இருக்கும் பக்கத்தில், பெரியகுளத்துக்கு அருகே காட்டுக்குள் ஒரு பழைய பௌத்த விகாரையின் இடிபாடுகள் கிடக்கின்றன. வெல்கம் விகாரை என்பது அதன் பெயர். தமிழ் மக்கள் அதை நாதனார் கோயில் என்றார்கள். 1929இலும் 1953இலும் அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. சோழர் காலத்தில் அந்த விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்றும் பெயர் இருந்ததை அவைதாம் சொல்லின.

முதலாம் இராஜராஜனின் படை பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தது. போரில் எத்தனையோ விகாரைகள் கொள்ளை போயின. இதுவோ அழியவில்லை, தமிழ்ப் பௌத்தர்களின் ஆதரவில் வளர்ந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்தவனும் அதே இராஜராஜன்தான். ஆனால் நாகப்பட்டினத்து விகாரை கடல் கடந்து வந்த ஸ்ரீவிஜய அரசர் எழுப்பியது. வெல்கம் விகாரைக்குக் கொடுத்தவர்கள் இந்த வட்டாரத்தில் வாழ்ந்த அதிகாரிகளும் குடிமக்களும். எனக்கு இந்த இடத்தின் மேல் உள்ள பற்றுக்கு அதுவே காரணம்.

புத்தர் சிலை நின்ற மனையின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களைச் சுற்றி வந்தவருக்கு அது பழகிய முகம். கருவறையும் அதன் முன் மண்டபங்களும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. தாங்கும் அதிட்டானம் திராவிட முறையில் கல்லில் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டது. இந்த முறையில் கீழே உபானம், அதன் மேல் சகதி, அடுத்துக் குமுதம், உள்வாங்கிய கண்டம், மேலே பட்டிகை. அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல இவை. நிலத்து ஈரம் ஏறுவதும் மழைத்துளி தெறிப்பதும் சுவரின் காலடியில்தான். அங்கே கல்லை வைத்து மேலே செங்கல்லால் கட்டினால் சுவர் நிலைக்கும், சுமையும் குறையும். கூரையும் செங்கல்லின் பெரும்பகுதியும் போன பிறகும் கட்டடத்தின் உருவத்தை இன்று நாம் படிக்க முடிவது அந்த அடித்தளத்தால்தான்.

இனி விளக்குக்கு வருவோம். கல்வெட்டுகளில் ஒன்று, ஒரு நொந்தா விளக்குக்கு 84 பசுக்கள் விடப்பட்டதைப் பதிகிறது. இரவும் பகலும் அணையாத விளக்கு அது. அதற்கு எண்ணெய் வாங்கப் பணம் தராமல் ஒரு மாட்டுப் பட்டியையே ஏன் கொடுக்க வேண்டும்?

தஞ்சைப் பெரிய கோயிலின் கணக்கு இதை விளக்கும். அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால். அவ்வளவு நெய்யெடுக்கச் சில லிட்டர் பால் போதும். நாட்டு மாடு கன்றுக்கு விட்டது போகச் சிறிதளவே கறக்கும் என்றாலும், அன்றாடம் சில மாடுகள் கறந்தால் காரியம் முடிந்தது. பிறகு 48 எதற்கு? சினை மாடு, பால் வற்றியது, கிழடு, நோயில் போவது எல்லாவற்றையும் தாங்கத்தான். மிஞ்சும் பாலும் பிறக்கும் கன்றுகளும் மேய்ப்பவருக்கு. சாவதற்கு ஈடாகக் கன்று வந்துகொண்டே இருப்பதால் பட்டியின் எண்ணிக்கை குறையாது. சோழர் கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. தஞ்சைக் கணக்கோடு ஒப்பிட்டால் வெல்கம் விகாரைக்குக் கிடைத்த 84 பசு தாராளமான கொடை.

நெய்யைத் தேர்ந்ததிலும் விவேகம் இருக்கிறது. வெண்ணெயை உருக்கும்போது நீர் ஆவியாகிவிடும். பாலின் புரதம் கசண்டாக அடியில் தங்கிவிடும். எஞ்சும் கொழுப்பு எளிதில் கெடாது, எரியும்போது வெடித்துத் தெறிக்காது. உருகிய நெய், திரியின் நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளின் வழியே, புவியீர்ப்பை மீறித் தானாக மேலேறிச் சுடருக்குப் போய்ச் சேர்கிறது.

இதே ஏற்பாட்டை உலகின் மறுகோடியில் காண்கிறோம். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் மோர்பாத் என்றொரு சிற்றூர். அதன் பங்குத்தந்தை கிறிஸ்டோபர் ட்ரைக்கே 1520 முதல் 1574 வரை அங்கே இருந்து கோயில் கணக்கை எழுதிவைத்தார். அந்தக் கோயிலுக்கென்று செம்மறிகள் இருந்தன. ஊர்க் குடும்பங்கள் அவற்றைப் பிரித்து வளர்த்தன. கம்பளி விற்ற பணத்தில் மாதா சுரூபத்துக்கும் புனிதர்களுக்கும் முன்னே மெழுகுதிரி எரிந்தது. சோழரை அந்த ஊர் கேள்விப்பட்டிருக்காது. ஆனாலும் பணம் செலவாகித் தீரும், கால்நடை பெருகும் என்ற கணக்கு இரு இடத்துக்கும் ஒன்றே. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் அந்த விளக்குகளுக்குத் தடை வந்தபோது ஆடுகள் விற்கப்பட்டன.

வெல்கம் விகாரையின் கதை அப்படி முடியவில்லை. 1070இல் சோழர் ஆட்சியை அகற்றிய முதலாம் விஜயபாகு புதுப்பித்த விகாரைகளில் இதையும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் குறிப்பிடுகிறது. இது எங்களுடையது, உங்களுடையது என்று இன்று வாதிடுவோர் இரு பக்கமும் இருக்கிறார்கள். அந்தக் கற்களோ பௌத்தக் கோயிலுக்குத் தமிழர் கொடுத்ததைத் தமிழில் சொல்கின்றன. அகழ்வில் கிடைத்த ஒரு வெண்கல விளக்கிலும் கொடுத்தவரின் பெயர் தமிழில்தான் வெட்டப்பட்டிருக்கிறது: ஏறநாடன் கண்டன் யக்கன்.