உங்களுக்குத் தெரியுமா? – பனிமண் கிருமிக்கு நிறம் கொடுப்பது யார்?

2014-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து 30,000 ஆண்டுப் பழைய வைரஸ் ஒன்றை எழுப்பியதாக அறிவித்தார்கள். பெயர் பித்தோவைரஸ். நீளம் 1.5 மைக்ரோமீட்டர், வைரஸ் குலத்தில் அது பூதம்! சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும்.

ஆனால் அதை நுணுக்கமாகக் காட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தெரிவது கறுப்பு வெள்ளை மட்டுமே. அதில் எடுத்த படங்கள் நீலமும் ஆரஞ்சுமாக மின்னினால், வண்ணம் பிறகு கணினியில் பூசியது. பூசுவதில் தப்பில்லை, சொல்லாமல் பூசுவதுதான் உறுத்துகிறது.

சொந்த நிறம் உள்ள கிருமிகளும் உண்டு. குளிர்ந்த மண்ணிலும் பனியாற்று நீரிலும் வாழும் ஜாந்தினோபாக்டீரியம் அசல் ஊதா. அந்த நிறமிக்கு வயலசீன் என்று பெயர். அதே நிறமியை நம் வெப்ப மண்ணில் உண்டாக்குவது குரோமோபாக்டீரியம் வயலேசியம். அது மனிதரைத் தாக்கியதாக முதல் பதிவு வந்ததும் மலாயாவிலிருந்துதான், 1927-இல்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே அண்டார்டிகா மண்ணைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் இருக்கிறது. அந்த மண்ணின் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். குளிர்விரும்பிகள் பலவும் 20 டிகிரிக்கு மேல் வளராது. கோலாலம்பூர் வெயிலில் அவற்றுக்குக் குளிர்பெட்டிதான் கதி. படம் எடுக்க வெளியே வைத்தால், நம் ஊர் ஈரக்காற்றில் தட்டின் மூடி உடனே வியர்த்துவிடும். கேமராக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

மலேசியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் தொடர்பு புதிதல்ல. அண்டார்டிகா சில நாடுகளின் சொத்தல்ல என்று 1982-இல் ஐ.நா.வில் குரல் எழுப்பியது மலேசியா. அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்ததோ 2011-இல்.

கோலாலம்பூரின் சொந்த மண்கிருமியும் லேசுப்பட்டதல்ல. அதனால் வரும், 1911-இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் கண்ட நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று 1921-இல் பெயர் வைத்தவர்கள், இங்குள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். ஆஷ்டவுன் என்ற ஊடகத்தில் வளர்த்தால் இந்தக் கிருமி சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழுந்து, பூக்கடையில் தண்ணீர் தெளித்து வைத்த ஊதாச் சாமந்தி மாதிரி விரியும். ஊதா அதன் சொந்த நிறமல்ல, ஊடகத்தில் கலந்த சாயத்தை உறிஞ்சிக்கொண்டது. படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ரசிக்கலாம். தட்டைத் திறப்பது மட்டும் பாதுகாப்புள்ள ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும்.

இந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். நீரிழிவு உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். மழை விட்டதும் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள்.