உங்கள் பதிவைத் திறப்பவர் யார்?

கட்டிலருகே வெள்ளை அங்கியுடன் நிற்கும் இளைஞர் ஒருவர் உங்கள் நோய் வரலாற்றைக் கணினியில் படிக்கிறார். அவர் மருத்துவ மாணவர். "என் நோயை இவர் ஏன் அறிய வேண்டும்?" என்னும் ஐயம் எழுவது இயல்பே.

நூலில் கற்ற நீரிழிவு வேறு. ஒருவர் பத்தாண்டுகளாகத் தாங்கிவரும் நீரிழிவு வேறு. அதனைக் கற்க மாணவருக்கு மெய்யான பதிவுகள் தேவை. ஆயினும் அத்தேவைக்கு எல்லை உண்டு. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளரின் பதிவை மட்டுமே, ஆசிரியரின் மேற்பார்வையில் அவர் காணலாம். அடுத்த வார்டில் இருக்கும் தமக்குத் தெரிந்தவரின் பதிவை ஆவலால் திறப்பது தவறு.

காகிதக் கோப்பைப் புரட்டியவர் யார் என்பதற்குத் தடயம் இராது. மின்னணுப் பதிவிலோ, திறந்தவரின் பெயரும் நேரமும் பதிய வேண்டும். பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் இக்காவல் பொய்த்துவிடும். பதிவிலுள்ள தகவல் நோயாளருக்கே உரியது; மருத்துவமனை அதன் காப்பாளர் மட்டுமே என்கின்றன இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு மின்னணு உடல்நலப் பதிவுத் தரநிலைகள்.

ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "நீங்கள் மருத்துவரா, மாணவரா?" விருப்பமில்லையெனில் மறுக்கலாம், அதனால் சிகிச்சை குறைதல் கூடாது. இசைந்தால், நாளைய மருத்துவர் ஒருவருக்கு நீங்களும் ஆசிரியர் ஆகிறீர்கள்.